போரகாய்: ஆறு மாதம் மூடிய தீவும் மணலுக்கடியில் இருந்த குழாய்களும்

பிலிப்பைன்ஸில் இருக்கும் போரகாய் தீவுக்கு 2017-ல் சுமார் 20 லட்சம் பேர் சுற்றிப் பார்க்கப் போனார்கள். தீவின் மொத்தப் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தில் அங்கே புரண்ட பணம் ஏறக்குறைய 5,600 கோடி பெசோ (பிலிப்பைன்ஸ் நாணயம்). அடுத்த வருடம், 2018 ஏப்ரல் 26-ம் தேதியிலிருந்து, ஒரு சுற்றுலாப் பயணியைக்கூட உள்ளே விடவில்லை. ஆறு மாதம் தீவு மூடிக் கிடந்தது.

உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ஒரு சுற்றுலாத் தலத்தை ஒரு நாட்டின் அரசே முழுசாக இழுத்து மூடியது அபூர்வமான விஷயம். அதனால் போரகாயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ஒரே விளக்கம்தான்: கூட்டம் அளவுக்கு மீறிப் போய்விட்டது, தீவு தாங்கவில்லை. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அரசாணையையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், கூட்டத்தைவிடக் கழிவுநீர்தான் பெரிய குற்றவாளியாகத் தெரிகிறது. அந்தக் கழிவுநீருக்குப் பின்னால் யாருக்குச் சொந்தம் என்றே தீராத நிலம் இருக்கிறது.

பார்க்க என்ன இருக்கிறது

போரகாய் ஒரு டம்பெல் வடிவத் தீவு. வடக்கிலும் தெற்கிலும் அகலம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. நீளம் சுமார் 7 கிலோமீட்டர். இடுப்புப் பகுதியின் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அக்லான் மாகாணத்தில் மலாய் என்ற நகராட்சிக்கு உட்பட்டது. தீவுக்குள் யாபாக், பலாபாக், மனோக்-மனோக் என்று மூன்று ஊர்கள். விமானத்தில் வருபவர்கள் எதிர்க்கரையில் உள்ள காட்டிக்லானில் இறங்கி, அங்கிருந்து படகில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவை அடைந்துவிடலாம்.

மேற்குக் கரையில் நான்கு கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் ஒயிட் பீச்தான் எல்லாருக்கும் தெரிந்த போரகாய். அந்த மணல் பவளமும் சிப்பியும் பொடிந்து பொடிந்து மாவானது. வெளுத்த சுண்ணாம்புப் பொடி என்பதால் வெயிலை அதிகம் இழுத்துக்கொள்ளாது, உச்சி வெயிலிலும் செருப்பில்லாமல் நடக்கலாம். முன்பு படகுகள் கரை தட்டிய இடங்களை வைத்து இந்தக் கடற்கரையை ஸ்டேஷன் 1, 2, 3 என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஒன்றில் மணல் அகலம், விடுதி வாடகையும் அதிகம். இரண்டில் கடைத்தெருவும் சாப்பாட்டுக் கடைகளும் நெரிசலும். மூன்றாவது கொஞ்சம் அமைதி, கைக்கு அடக்கமான செலவு. ஸ்டேஷன் 1-க்கு எதிரே கடலுக்குள் நிற்கும் எரிமலைப் பாறையின் உச்சியில் மாதா சிலை இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் அதுவரை நடந்தே போகலாம். மாலையானால் பராவ் என்ற பாய்மரப் படகுகள் வரிசையாகக் கிளம்பும். இரு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய ஒடுங்கிய படகு அது. மிதவைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வலையில் பயணிகள் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்ப்பார்கள்.

இடுப்பின் மறுபக்கம், கிழக்கே, புலாபோக் கடற்கரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமிஹான் என்ற வடகிழக்குக் காற்று அடிக்கும். அப்போது ஒயிட் பீச் குளம் மாதிரி அமைதியாக இருக்கும், புலாபோக்கில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் ஆட்கள் அதற்காகவே வருகிறார்கள். ஜூனுக்கு அப்புறம் ஹபகாட் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் நிலைமை அப்படியே தலைகீழ், படகுகள்கூட வேறு துறைக்கு மாறிவிடும். வட முனையில் பூக்கா கடற்கரை. அங்கே மணல் பருபருவென்று இருக்கும், நடுவே சிப்பித் துண்டுகள். 1970-களில் உலகமெங்கும் இளைஞர்கள் கழுத்தில் போட்டுத் திரிந்த பூக்கா சிப்பி மாலைக்கு இந்தக் கரையும் சரக்கு கொடுத்தது. தீவையும் இரு பக்கக் கடலையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் லூஹோ குன்று. உயரம் நூறு மீட்டர் அளவுதான்.

இந்த அமைப்பை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயணிகள் படம் எடுப்பது மேற்குக் கரையை. தீவின் கொல்லைப்புறமாகிப் போனது கிழக்குக் கரை. மழைநீர் வடிகாலின் முடிவு புலாபோக் பக்கம் இருந்தது. மழைநீருக்காகப் போட்ட வடிகாலில் விடுதிகளின் கழிவுநீரும் சேர்ந்து போனது. இடையில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நிலம்தான், ஆனால் ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

யார் நிலம்?

1978-ல் அதிபர் மார்கோஸ் ஆட்சியில் போரகாய் சுற்றுலா மண்டலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த நிலம் காடா, பட்டா கொடுக்கக்கூடிய நிலமா என்று வகைப்படுத்தவே இல்லை. தலைமுறையாகக் குடியிருந்தவர்களிடம் வரி கட்டிய ரசீது இருந்தது, பட்டா இல்லை. வெளியூர்ப் பணக்காரர்கள் அந்த ரசீதை நம்பி நிலம் வாங்கினார்கள், விடுதி கட்டினார்கள். 2006-ல் அதிபர் அர்ரோயோ ஒரு பிரகடனத்தின் மூலம் 400 ஹெக்டேரைக் காடு என்றும், மீதி 628.96 ஹெக்டேரை விவசாய நிலம் என்றும் பிரித்தார். எதிர்த்து வழக்கு நடந்தது. 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. அதாவது 2006 வரைக்கும் தீவு சட்டப்படி வகைப்படுத்தாத பொது நிலம். அதன்மேல்தான் அத்தனை கட்டடமும் நின்றுகொண்டிருந்தது.

சொந்தம் நிச்சயமில்லாத நிலத்தில் ஒருவர் என்ன செய்வார்? போட்ட காசைச் சீக்கிரம் எடுக்கப் பார்ப்பார். பூமிக்கு அடியில் குழாய் பதித்து, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, இருபது வருடத்தில் பலன் வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். நகராட்சியோ கட்டட அனுமதியைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. போரகாய் விவகாரத்தில் பேராசை என்ற சொல்லை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். பேராசை இருந்தது உண்மை. அதற்கு வாசலைத் திறந்துவிட்டது நிலத்தின் குழப்பம் என்பது என் முடிவு.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1997-லேயே கடல்நீரில் மலக்கழிவின் அடையாளமான கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக அரசு சொல்லி, பயணிகள் வரத்து குறைந்தது. அதற்குப் பிறகு குடிநீர், கழிவுநீர்த் திட்டங்கள் வந்தன. சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஆனால் அதற்கு இணைப்பு எடுக்காத கட்டடங்கள் ஏராளம். ஒவ்வொரு கோடையிலும் ஒயிட் பீச்சின் ஓரத்தில் பச்சைப் பாசி படரும். மணல் நன்றாக இருப்பதற்கு அதுதான் அடையாளம், ஆண்டாண்டாக வருவதுதானே என்று தீவில் சிலர் சமாதானம் சொன்னார்கள். பாசிக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

அரசாணை சொல்லும் கணக்கு

2018 பிப்ரவரியில் அதிபர் துதெர்த்தே போரகாயை மலக்குழி என்று மேடையில் சொன்னார். ஏப்ரல் 4-ம் தேதி மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 26-ம் தேதி கையெழுத்தான 475-ம் எண் பிரகடனம் மூன்று ஊர்களையும் பேரிடர்ப் பகுதியாக அறிவித்தது. வழக்கமாக வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் சொல்கிற அறிவிப்பு அது.

அந்தப் பிரகடனத்தில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 6 முதல் 10 வரை தினமும் கடல்நீரைச் சோதித்தார்கள். 100 மில்லிலிட்டரில் மலக்கிருமியின் அளவு 100-ஐத் தாண்டக் கூடாது. சராசரி 18,000 இருந்தது. கரையோரம் இருந்த 51 நிறுவனங்களில் தண்ணீர்த் தூய்மைச் சட்டத்தை மதித்து நடந்தவை 14. தினமும் சேர்ந்த குப்பை 90 முதல் 115 டன், நகராட்சியால் அள்ள முடிந்தது 30 டன். ஒன்பது சதுப்பு நிலங்களில் மிஞ்சியவை நான்கு. காட்டிலும் சதுப்பிலும் மட்டும் 937 விதிமீறல் கட்டடங்கள். 1988-க்கும் 2011-க்கும் இடையில் பவளப்பாறை சுமார் 70.5 சதவீதம் அழிந்திருந்தது. ஆமைகள் முட்டையிடும் இடமும் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் இடமும் சேதமாகியிருந்தன.

சதுப்பு போனதை நான் தனியாகக் குறித்து வைப்பேன். சின்னத் தீவில் சதுப்புதான் மழைநீரைத் தேக்கி, வண்டலைப் படியவைத்து, கடலுக்குப் போகும் தண்ணீரைக் கொஞ்சமாவது தெளியவைக்கும். அதன்மேல் கட்டடம் எழுப்பினால் மழை பெய்த அன்றே தெருவில் வெள்ளம், மறுநாள் கடலில் அழுக்கு.

மூடிய பிறகு புலாபோக் கடற்கரையில் மணலைத் தோண்டினார்கள். அடியில் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. கட்டடத்திலிருந்து நேரே கடலுக்குப் போகும், எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இணைப்பு எடுத்தால் மாதக் கட்டணம் கட்ட வேண்டும், மணலில் புதைத்துவிட்டால் ஒரு நாள் கூலியோடு முடிந்தது. மேலே கைட் சர்ஃபிங் நடந்துகொண்டிருந்த அதே மணல்.

ஆறு மாதத்தில் யார் என்ன கொடுத்தார்கள்

அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவே மூன்று வாரம்தான். அறுநூறுக்கு மேற்பட்ட போலீசார் இறக்கப்பட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையுடன்தான் படகேற வேண்டும். அவர்களும் கடலில் குளிக்க ஒரே இடம்தான், ஸ்டேஷன் 3 பக்கம் உள்ள அங்கோல் கடற்கரை. அதுவும் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை. பிறந்து வளர்ந்த ஊரின் கடலில் கால் நனைக்க நேரம் குறித்துக் கொடுத்தார்கள்.

சுமார் 36 ஆயிரம் பேரின் வேலை பாதிக்கப்படும் என்று அப்போது பேசப்பட்டது. பெரிய விடுதிகளுக்குக் கையிருப்பு இருந்தது, வேறு ஊரில் கிளைகளும் இருந்தன. படகோட்டி, மசாஜ் செய்யும் பெண்கள், மணிகோத்து விற்பவர்கள், பயணிகளுக்காக மணல்கோட்டை கட்டிக் காசு வாங்குபவர்கள், இவர்களுக்கெல்லாம் அன்றன்றைய சம்பாத்தியம். இதில் முறைசாராத் தொழிலாளர்கள் பலருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் நிவாரணம் வாங்குவதும் சுலபமாக இல்லை.

மணல்கோட்டை கட்டுபவர் ஒருவரும், பயணிகளுக்கு வண்டி ஓட்டும் ஓட்டுநர் ஒருவரும், இன்னொருவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். பயணம் செய்யும் உரிமையும் பிழைப்புக்கான உரிமையும் பறிபோகிறது என்பது அவர்கள் வாதம். 2019 பிப்ரவரி 12-ல் தீர்ப்பு வந்தது. மூடல் செல்லும் என்றது பெரும்பான்மை. பயணிகள் வந்தால்தான் கிடைக்கும் வருமானம் நிச்சயமில்லாத ஒன்று, அதை உறுதிப்பட்ட உரிமையாகக் கேட்க முடியாது என்பது அதில் ஒரு காரணம். நீதிபதிகள் லியோனென், காகியோவா மாறுபட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் தீவு திறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தீவைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருபது வருடமாக அனுமதி கொடுத்தவர்களின் தவறுக்கு, முதல் தவணையைக் கட்டியது மணல்கோட்டை கட்டுபவர். 51 நிறுவனங்களில் 37 விதியை மீறியிருந்தன என்றால் அந்த 37-ஐயும் மூடியிருக்கலாம். கூடவே தீவையே மூடாமல், பகுதி பகுதியாகத் தெருவைத் தோண்டியிருக்கலாம். அரசு தரப்பில் இதற்குப் பதில் உண்டு: ஆள் இருக்கும்போது குழாய் தோண்ட முடியாது, செல்வாக்குள்ளவர்கள் தடை வாங்கிவிடுவார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

என்ன மாறியது

2018 அக்டோபர் 26-ல் தீவு திறந்தது. நடுச்சாலையை அகலப்படுத்தும் வேலையும் வடிகால் வேலையும் நடந்திருந்தன. ஒயிட் பீச்சில் கடல்நீர் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற விதியை இந்தத் தடவை அளந்து அமல்படுத்தினார்கள். விடுதிகளும் கடைகளும் முகப்பை இடித்துப் பின்வாங்கின. 50 அறைகளும் அதற்கு மேலும் உள்ள விடுதி சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தாக வேண்டும், சின்ன விடுதிகள் கூட்டாக வைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் சிகரெட், மது, நாற்காலி, குடை எல்லாவற்றுக்கும் தடை. மே தினத்தை ஒட்டி நடந்த பெரிய கும்மாளம் நின்றது. தெருவில் புகை கக்கிய மூன்று சக்கர வண்டிகளுக்குப் பதில் மின்சார வண்டிகள். மூடுவதற்குச் சில வாரம் முன்பு ஒரு பெரிய கேசினோவுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்திருந்தார்கள். அதிபரே வேண்டாம் என்று சொல்ல, அதுவும் நின்றது. பணி முடிந்த விடுதிகளுக்கு மட்டும் அனுமதி. அனுமதியுள்ள விடுதியில் அறை எடுத்ததைக் காட்டினால்தான் காட்டிக்லானில் படகேற்றினார்கள்.

அதிகம் பேசப்பட்டது ஆள்வரம்பு. தீவில் ஒரே நேரத்தில் 19,215 பயணிகள், ஒரு நாளைக்குப் புதிதாக 6,405 பேர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சரியாக 3 வருகிறது. ஒருவர் மூன்று நாள் தங்குவார் என்று வைத்துப் போட்ட கணக்கு.

இப்போது இன்னொரு கணக்கு. 6,405-ஐ 365-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 23 லட்சத்துக்கு மேல். நெரிசலில் நாறியதாகச் சொன்ன 2017-ல் வந்தவர்கள் 20 லட்சம்தான், சராசரி நாளைக்கு 5,500-ஐ ஒட்டி. ஆக, வரம்பு என்று வைத்தது பழைய சராசரியைவிட அதிகம்! புனித வாரம், கிறிஸ்துமஸ் மாதிரியான நாட்களில் குவியும் கூட்டத்தை மட்டுமே அது மட்டுப்படுத்தும். தண்ணீர் தெளிந்தது என்றால் குழாயாலும் சுத்திகரிப்பாலும் 30 மீட்டராலும்தான். ஆள் எண்ணிக்கை குறைந்ததால் தெளிந்தது என்று சொல்வதற்கு எண்கள் இடம் கொடுக்கவில்லை.

அதே 2018-ல் தாய்லாந்து மூடிய மாயா விரிகுடாவோடு இதை வைத்துப் பார்க்கலாம். அங்கே ஊர் இல்லை, விடுதி இல்லை. படகும் மனிதக் காலும் நங்கூரமும் பவளத்தை நொறுக்கியதுதான் பிரச்சினை. அதனால் 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகளைத் தீவின் பின்புறம் நிறுத்தச் சொல்லி, ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, நீந்துவதைத் தடுத்தார்கள். கரும்புள்ளிச் சுறாக்கள் கரையோரம் திரும்ப வந்தன. அங்கே ஆள்வரம்புதான் மருந்து. போரகாயில் நோய் வேறு.

ஆட்டி மக்கள்

போரகாயின் ஆதிக்குடிகள் ஆட்டி மக்கள். தங்கள் பாட்டன் பூட்டன் மண்ணில் 2.1 ஹெக்டேருக்கு மட்டும் அவர்களுக்கு 2011-ல் உரிமைப் பத்திரம் கிடைத்தது, மனோக்-மனோக்கில். அதையும் மற்றவர்கள் உரிமை கோரினார்கள். அவர்களுக்காகப் பேசிவந்த இளைஞர் டெக்ஸ்டர் கொண்டெஸ் 2013 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தீவு திறந்த கையோடு, 2018 நவம்பரில், நிலச் சீர்திருத்தத்தின் கீழ் துதெர்த்தே ஆட்டி குடும்பங்களுக்கு நிலப் பத்திரம் வழங்கினார். அதை எதிர்த்து நில உரிமை கோருவோர் வழக்காட, 2024-ல் அந்த நிலத்தில் ஒரு பகுதியைச் சுற்றி வேலி விழுந்தது, ஆட்டி குடும்பங்கள் வெளியே நின்றன.

சுற்றுலா பற்றிய ஆய்வுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வந்து போகும். என்னைக் கேட்டால் 475-ம் பிரகடனத்தின் எல்லா எண்களுக்கும் வேர் இங்கே இருக்கிறது. நிலம் யாருடையது என்று முதலிலேயே தீர்த்திருந்தால், காட்டிலும் சதுப்பிலும் 937 கட்டடம் எழுந்திருக்காது.

அதற்குப் பிறகு

கொரோனா வந்து 2020-ல் தீவு மறுபடி வெறிச்சோடியது. 2022 புனித வாரத்தில் கூட்டம் திரும்பி வந்து, நாள் வரம்பையும் தாண்டியது. அந்த வருட நடுவில், சீரமைப்புக்காக அமைத்த பல துறைப் பணிக்குழுவின் காலம் முடிந்து, பொறுப்பு பெரும்பாலும் வழக்கமான அதிகாரிகள் கைக்குத் திரும்பியது. 2023-ல் வந்தவர்கள் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இது பயப்பட வேண்டிய எண்ணா என்று கேட்டால், மேலே போட்ட கணக்குப்படி இல்லை. பயப்பட வேண்டியது வேறு: ஒவ்வொரு விடுதியின் சுத்திகரிப்பு இயந்திரமும் ஓடுகிறதா, வடிகாலில் திருட்டு இணைப்பு மறுபடி முளைத்திருக்கிறதா என்று மாதாமாதம் யார் போய்ப் பார்ப்பது?

காட்டிக்லானையும் தீவையும் இணைக்கப் பாலம் கட்டும் யோசனை இப்போது பேச்சில் இருக்கிறது. பிழைப்பு போய்விடும் என்று படகோட்டிகள் எதிர்க்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்குப் போரகாய்க்கு இருக்கும் ஒரே கதவு படகுத்துறை. ஆளை எண்ணுவதும், விடுதி ரசீதைப் பார்ப்பதும், சிமெண்ட் மூட்டை எவ்வளவு உள்ளே போகிறது, குப்பை எவ்வளவு வெளியே வருகிறது என்று கணக்கெடுப்பதும் அந்த ஒரு இடத்தில்தான் சாத்தியம். பாலம் வந்தால் லாரிகள் நேரே உள்ளே போகும். பாலத்தின் வாயிலில் அந்த எண்ணிக்கையை யார் எடுப்பார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் எடுப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.